கை கழுவிட்டு வாங்க

இந்த இலைக்கட்டை நடுவில் வைத்துக்கொள்கிறேன் அம்மா. உங்கள் கூடை மட்டும் இடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், போதும். இலை கிழிந்துபோனால் என் வீட்டுக்காரி இன்றைக்குச் சாப்பாடு போட மாட்டாள். சாப்பாடு போடாவிட்டால்கூடப் பரவாயில்லை, ஒரு வசனத்தை எடுத்து விடுவாள். அதுதான் தாங்க முடியாது.

சிரிக்கிறீர்கள். நானும் முதலில் சிரித்தேன்.

விசேஷமா என்று கேட்டீர்களே, விசேஷம்தான். நாளைக் காலையில் என் மகளுக்குத் தாம்பூலம் மாற்றுகிறோம். மாப்பிள்ளை வேறு யாருமில்லை, என் கூடப்பிறந்த அக்கா வேலம்மாளின் மகன். முறை மாப்பிள்ளை. இன்று பொழுதடைய அக்காவுக்கும் மகனுக்கும் எங்கள் வீட்டில் விருந்து. எல்லாம் வாங்கிவிட்டாள், தலைவாழை இலை மட்டும் கோவில்பட்டியில்தான் நன்றாக இருக்கும், நீங்களே போய் வாங்கி வாருங்கள் என்றாள். "மூணு போதும்" என்றாள். எனக்கு ஒன்று, அக்காவுக்கு ஒன்று, மாப்பிள்ளைக்கு ஒன்று. இலைக்கடைக்காரன் கட்டாகத்தான் தருவேன் என்றுவிட்டான்.

நீங்கள் எங்கே இறங்க வேண்டும்? பருத்திக்காட்டு விலக்கிலா? அப்படியானால் என்னை உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டுமே. வெண்ணிலா மைக்செட். சுடலைமுத்து. உங்கள் ஊர்க் காளியம்மன் கொடைத் திருவிழாவுக்கு எத்தனை வருஷம் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருக்கிறேன். அந்த வேப்பமரத்தில் கட்டுகிற குழாய்தான் சுடுகாடு வரைக்கும் கேட்கும்.

ஆ, ஞாபகம் வந்துவிட்டதா? கதை வசனம் போடுகிற மைக்செட்டேதான்.

இப்போதுள்ள பிள்ளைகளுக்கு அது என்னவென்றே தெரியாது. படத்தைப் பார்க்கக்கூட வேண்டாம், கேசட்டில் முழுப் படமும் பேச்சாக ஓடும். கல்யாண வீட்டில் காலையில் பக்திப் பாட்டு, தாலி கட்டியதும் சினிமாப் பாட்டு, பந்தி ஓடும்போது கதை வசனம். அதில் "கடைசிப் பந்தி" கேசட்டுக்கு இருந்த மவுசு வேறு எதற்கும் கிடையாது. கல்யாண வீட்டில் போடுவதற்கு அதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்குமா? பேரே பந்தி.

பொம்பளைகள் எல்லோருக்கும் அது மனப்பாடம். சமையல் பந்தலில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே காமாட்சி பேசுவதைக் கூடவே பேசுவார்கள். அரிவாள்மனை ஓடுகிற வேகத்துக்கு வசனம் ஓடும். நான் ஆம்ப்ளிபயர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பேன். "நீங்க சொன்னா சரிதான். நீங்க சொல்ற வரைக்கும்" என்று காமாட்சி புருஷனிடம் சொல்கிற இடம் வந்தால் போதும், அத்தனை பேரும் ஒரே குரலில் சொல்வார்கள். சொல்லிவிட்டு ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்ப்பார்கள். அதில் என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கியதே இல்லை. மரியாதையாகத்தானே சொல்கிறாள்.

உங்களுக்கும் தெரியுமா? பார்த்தீர்களா.

கதை எனக்கு அத்துப்படி. காமாட்சி கையில் ஒரு விளக்கோடு அந்தப் பண்ணை வீட்டுக்கு மருமகளாக வருகிறாள். புருஷன் நல்லவன், வாக்குத் தவறாதவன். அண்ணன் கிழித்த கோட்டைத் தாண்ட மாட்டான். அந்த அண்ணன், காமாட்சியின் மகளைத் தன் மச்சினனுக்குக் கட்டிவைக்கச் சொல்கிறான். இவனும் சரி என்கிறான். காமாட்சி முடியாது என்கிறாள், அழுகிறாள், ஆகாரம் இல்லாமல் கிடக்கிறாள். அப்புறம் மனசு மாறிவிடுகிறது. குடும்பப் பொம்பளை அல்லவா. அண்ணனையும் மச்சினனையும் வரவழைத்து அவளே விருந்து வைக்கிறாள். "இலை போட்டாச்சு. கை கழுவிட்டு வாங்க. இன்னிக்கு நான் பரிமாறறேன்." அந்த இடத்தில் வீணை ஒரு இழுப்பு இழுக்கும். டொக் என்று பொத்தான் மேலே வந்துவிடும். முதல் பக்கம் முடிந்தது.

இரண்டாம் பக்கமா? அதைப் போடக் கூடாது. எங்கள் அப்பா காலத்துச் சட்டம் அது. "சாவு, கோர்ட்டு, அழுகை எல்லாம் ரெண்டாம் பக்கத்துல இருக்குல. சுப வீட்டுல போட்டுத் தொலைச்சிராத" என்று சொல்லி, அந்தப் பக்கத்துப் பெயரின் மேல் பிளாஸ்திரி ஒட்டி வைத்திருந்தார். நாங்கள் கட்டுவதெல்லாம் சுப வீடு, கோவில் கொடை. பிறகு எங்கே கேட்பது? படம் எங்கள் ஊர்க் கொட்டகைக்கு வந்தபோது எனக்குக் கொடை வேலை. ஞாயிற்றுக்கிழமை மதியம் ரேடியோவில் ஒலிச்சித்திரமாக வைப்பார்கள், அன்றைக்குத்தான் எனக்கு முகூர்த்தமாக வந்து வாய்க்கும். செத்தது அந்த அண்ணன்காரனாக இருக்கும், வயசானவன்தானே.

பொம்பளைகள் கேட்கத்தான் செய்வார்கள். குழாய்ச் சத்தத்தில் பேச்சுக் கேட்காது அல்லவா, அதனால் தூரத்தில் நின்று உள்ளங்கையை மேலே காட்டி அப்படியே குப்புறத் திருப்புவார்கள். கேசட்டைத் திருப்பிப் போடு என்று அர்த்தம். நான் தலையை ஆட்டி மறுத்துவிட்டு வேறு கேசட்டைச் செருகுவேன். கிழவிகள் மண்ணை வாரித் தூற்றாத குறையாகத் திட்டுவார்கள்.

என் வீட்டுக்காரிக்கு வருகிறேன். பேர் பேச்சியம்மாள். பேர்தான் பேச்சி, பேச்சு கிடையாது. கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து "சரி", "வேண்டாம்", "சோறு ஆச்சு", இதற்கு மேல் அவள் பேசி நான் கேட்டதில்லை. எனக்கும் அது தோதாகத்தான் இருந்தது. நாள் பூராவும் குழாயடியில் உட்கார்ந்துவிட்டு வருகிறவனுக்கு வீட்டில் சத்தம் எதற்கு?

பங்குனியில் அக்கா வந்து செண்பகத்தைக் கேட்டாள். செண்பகவல்லி, எங்கள் ஒரே மகள். தூத்துக்குடியில் அவள் தாய்மாமன் வீட்டில் தங்கி நர்ஸ் படிப்புப் படித்துக்கொண்டிருந்தாள். அக்கா என்னைத் தூக்கி வளர்த்தவள் அம்மா. அவள் வாய் திறந்து கேட்டு நான் எப்படி இல்லை என்பது? அந்த இடத்திலேயே வாக்குக் கொடுத்துவிட்டேன். அக்கா போன பிறகுதான் இவளிடம் சொன்னேன்.

"வேண்டாம்" என்றாள்.

ஏன் வேண்டாம் என்றேன். மாப்பிள்ளைக்கு இது இரண்டாம் தாரம் என்பதைப் பெரிதாகப் பிடித்துக்கொண்டாள். கருத்தப்பாண்டிக்கு முதலில் ஒரு பெண் கட்டினோம், வாஸ்தவம். ஸ்டவ் வெடித்துப் போய்விட்டாள், பாவம். அவன் என்ன செய்வான்? அவன் வீட்டுக்குள்ளேயே இல்லை, வாசலில்தான் நின்றிருக்கிறான். வெளிப்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருந்தது என்று நாலு பேர் கதை கட்டினார்கள். வெளியே வருகிறவன் பழக்கதோஷத்தில் தாழைப் போட்டுவிட்டு வருவதில்லையா? போலீஸே விசாரித்துவிட்டு விட்டுவிட்டது. இதையெல்லாம் பொறுமையாகத்தான் எடுத்துச் சொன்னேன். மறுபடியும் "வேண்டாம்" என்றாள்.

கையை ஓங்கினேன். ஓங்கியதோடு சரி. அவள் முகத்தைத் திருப்பினாள் பாருங்கள், அதனால் பட்டுவிட்டது. காதில் லேசாக ரத்தம் வந்தது. அந்தக் காது இப்போது அவ்வளவாகக் கேட்பதில்லை போலிருக்கிறது. மைக்செட்டுக்காரன் பெண்டாட்டிக்குக் காது மந்தம் என்று நானே கேலி செய்தேன்.

அன்றிலிருந்து வாயே திறக்கவில்லை. "சரி"யும் போயிற்று. மாமா ஊரில் இல்லாத நாளாகப் பார்த்து நான் செண்பகத்தைத் தூத்துக்குடியிலிருந்து கூட்டிக்கொண்டு வந்து வீட்டில் உட்காரவைத்தேன். போனை வாங்கி வைத்துக்கொண்டேன். கல்யாணம் ஆகப்போகிற பிள்ளைக்குப் போன் எதற்கு? கேட்டதும் எடுத்து நீட்டிவிட்டாள். சாப்பாடு மட்டும் இறங்கவில்லை. கூச்சம், வேறென்ன.

சித்திரை கடைசியில் ஒருநாள் என் மனசு கேட்கவில்லை. ஒரு புதுச் சேலை வாங்கிக்கொண்டு போய் இவள் முன்னால் வைத்தேன். "இந்தா, கட்டிக்கோ. கோவத்தை விடு" என்றேன். சேலையைத் தொடவில்லை. என்னை நேராகப் பார்த்துச் சொன்னாள்:

"அழுது முடிச்ச பொம்பளைகிட்ட பேரம் பேசாதீங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்புறம்தான் உறைத்தது, இது காமாட்சி வசனம் அல்லவா. முதல் பக்கத்தில் நடுவில் வரும். குரலும் அச்சு அசல் அதே குரல். எனக்குச் சிரிப்புத் தாளவில்லை. ஏடி கள்ளி, இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டு இருந்தது இதற்குத்தானா என்றேன். பக்கத்து வீடுகளில் எல்லாம் சொல்லிச் சிரித்தேன்.

அதற்குப் பிறகு பேச்சு என்றால் வசனம்தான். வேறு படத்து வசனமும் பேசுவாள். ஒரு ராஜா ராணி படத்தில் ராணி சொல்வாள், "தலையைக் கேட்கவில்லை அரசே, மகுடத்தைத்தான் கேட்டேன். இரண்டும் சேர்ந்து வந்தால் நான் என்ன செய்வேன்?" நான் வண்டியை நிறுத்திவிட்டு ஹெல்மெட் கழற்ற முடியாமல் திணறிக்கொண்டு நிற்கிறேன், வாசலில் நின்று இதைச் சொல்கிறாள். தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன். அவள் மட்டும் சிரிக்கவில்லை. நடிக்கிறவர்கள் சிரிக்கக் கூடாது, அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

ராத்திரி விளக்கை அணைக்கச் சொன்னால் அதற்கும் ஒன்று வைத்திருக்கிறாள். "இந்த வீட்டுக்கு விளக்கோட வந்தவ நான். ஏத்தவும் தெரியும், அணைக்கவும் தெரியும்." சொல்லிவிட்டு இருட்டில் என் கட்டில் பக்கத்திலேயே நிற்பாள். போய்ப் படுடி என்று ரெண்டு மூன்று தடவை சொல்ல வேண்டியிருக்கும்.

கல்யாணத்துக்குச் சம்மதமா என்று ஆனி மாதத்தில் கேட்டேன். என்ன சொல்லியிருப்பாள், சொல்லுங்கள் பார்ப்போம்.

அதேதான் அம்மா. "நீங்க சொன்னா சரிதான். நீங்க சொல்ற வரைக்கும்." எவ்வளவு பணிவு பாருங்கள். அன்றைக்கே அக்காவுக்குப் போன் போட்டு நாள் குறிக்கச் சொல்லிவிட்டேன்.

ஏன் அம்மா, ஜன்னலைத் திறக்கட்டுமா? வேர்த்திருக்கிறதே உங்களுக்கு.

ஒரே ஒரு விஷயம்தான் எனக்குப் பிடிபடவில்லை. அந்தக் கேசட் என் பெட்டியில்தான் இருக்கும், பழைய டேப் ரிக்கார்டரும் கூடவே இருக்கும். யார் இப்போது கதை வசனம் கேட்கிறார்கள், சும்மா ஞாபகத்துக்கு வைத்திருக்கிறேன். போன வாரம் பெட்டியைத் திறந்தால், கேசட் ரிக்கார்டருக்கு உள்ளேயே கிடக்கிறது. ஒட்டியிருந்த பிளாஸ்திரியை யாரோ உரித்து எடுத்திருக்கிறார்கள். முதல் பக்கம் கீழே போய், இரண்டாம் பக்கம் மேலே இருக்கிறது. கொஞ்ச தூரம் ஓடி நிற்கிறது. நான் ஆரம்பத்துக்குச் சுற்றி வைத்துவிட்டுப் போனேன். மறுநாளும் பார்த்தேன், அதே இடத்தில் வந்து நிற்கிறது. அதற்கு அடுத்த நாளும் அதே இடம்தான்.

நான் வேலைக்குப் போன பிறகு போட்டுக் கேட்கிறாள் போலிருக்கிறது. கேட்கட்டும், காது நன்றாகக் கேட்கிறது என்றுதானே அர்த்தம். பக்கத்து வீட்டு அன்னத்தாய்தான் ஒருநாள் வேலி ஓரத்தில் நின்று, "ஏன் அண்ணே, மதினி மத்தியானம் போடுறது எந்தப் பக்கம்னு பாத்தீகளா?" என்று கேட்டாள். எந்தப் பக்கமாக இருந்தால் உனக்கென்ன, உன் அடுப்பைப் பார் என்று விரட்டிவிட்டேன். அவள் இரண்டு நாளாக என் வீட்டுக்கு மோர் கொண்டுவருவதில்லை.

இன்றைக்குக் காலையில் பார்க்க வேண்டுமே பேச்சியை. தலை குளித்து, நான் வாங்கிக் கொடுத்த அந்தச் சேலையையே கட்டியிருக்கிறாள். விடியக்காலையிலேயே அடுப்பைப் பற்றவைத்துவிட்டாள். சமையல்கட்டுப் பக்கம் யாரும் தலைகாட்டக் கூடாதாம். பருப்பு, சாம்பார், வத்தக்குழம்பு, பாயாசம், எல்லாம் ஒற்றை ஆளாக. ருசி பார்க்கிறேன் கொடு என்று கையை நீட்டினேன். "அக்கா வந்ததும் சேர்ந்து சாப்பிடலாம்" என்றாள். சொந்தப் பேச்சு! எத்தனை மாதம் கழித்து. எனக்குக் கண் கலங்கிவிட்டது அம்மா, உள்ளதைச் சொல்கிறேன்.

அவள் சாப்பிட மாட்டாளாம். விரதமாம். செண்பகமும் விரதம் என்றாள். அதோடு பிள்ளையை முதல் பஸ்ஸிலேயே தூத்துக்குடிக்கு அனுப்பிவிட்டாள். ஜாக்கெட் தைக்கக் கொடுத்திருக்கிறதாம், மாமா வீட்டில் தங்கி வாங்கிக்கொண்டு காலையில் வந்துவிடுவாளாம். நாளைக்குத் தாம்பூலம் மாற்ற வேண்டிய பிள்ளையை இன்றைக்கு அனுப்பலாமா என்று எனக்குக்கூட ஒரு யோசனைதான். ஆனால் அவள் இரண்டு பை நிறையத் துணியோடு அல்லவா அனுப்பினாள், புஸ்தகமெல்லாம் வைத்து. ஒரு ஜாக்கெட் வாங்கப் போகிற பிள்ளைக்குப் புஸ்தகம் எதற்கு என்று கேட்டேன். அதற்குள் பஸ் வந்துவிட்டது. போகும்போது பிள்ளை அம்மாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. கண்டக்டர் விசில் அடித்துப் பிரித்துவிட்டான்.

இருங்கள், போன் அடிக்கிறது. இந்தப் பஸ் சத்தத்தில் காதில் வைத்தால் விளங்காது. வெளியே கேட்கிற மாதிரிப் போடுகிறேன். அவள்தான்.

சொல்லு பேச்சி. ... ஆமா, ஏறிட்டேன், பருத்திக்காட்டு விலக்கு வரப்போகுது. ... அக்கா வந்துட்டாளா? அவனும் வந்துட்டானா? சரி, சரி, உக்காரச் சொல்லு. ... பிள்ளை போய்ச் சேந்துட்டாளா? நல்லதாப் போச்சு. ... என்ன? ... என்னது?

கேட்டீர்களா அம்மா? "இலை போட்டாச்சு. கை கழுவிட்டு வாங்க. இன்னிக்கு நான் பரிமாறறேன்." அந்த வீணை இழுப்பு ஒன்றுதான் பாக்கி! இலை போட்டாச்சாம். இலை இங்கே நம் நடுவில் இருக்கிறது, இவள் எங்கே போட்டாள்? வசனம் என்றால் உள்ளது உள்ளபடி சொல்ல வேண்டும் அவளுக்கு, ஒரு எழுத்துக் குறையக் கூடாது. பைத்தியக்காரி.

முன் சீட்டுப் பொம்பளைகள் எல்லோரும் ஏன் திரும்பிப் பார்க்கிறார்கள்? இவ்வளவு நேரமும் கலகலவென்று பேசிக்கொண்டு வந்தார்கள். அந்தப் பச்சைச் சேலை அம்மா கூடவே வாயசைத்ததை நான் பார்த்தேன். அந்தக் காலத்துக் கல்யாண வீடு மாதிரியே இருக்கிறது. வசனத்தை மறக்காமல் வைத்திருக்கிறீர்களே அம்மா எல்லோரும்.

என்ன கேட்டீர்கள்? இல்லை, நான்தான் சொன்னேனே, இரண்டாம் பக்கம் கேட்டதே இல்லை. நீங்கள் கேட்டிருக்கிறீர்களா? அப்படியா? பிறகு என்ன ஆகிறது? காமாட்சி எதற்குக் கோர்ட்டுக்குப் போகிறாள்? ஏதோ சொல்ல வந்தீர்கள், சொல்லுங்களேன்.

செண்பகமா? அவள் வீட்டில் இல்லை அம்மா. தூத்துக்குடி போய்ச் சேர்ந்துவிட்டாள் என்று இப்போதுதானே சொன்னாள். ஆமாம், நிச்சயமாக. மாமா வீட்டில் இருக்கிறாள். அவர் ஒரு முரடர், அவரை மீறி அவளை அங்கிருந்து யாரும் கூட்டிக்கொண்டு வர முடியாது. அதை ஏன் இத்தனை தடவை கேட்கிறீர்கள்?

விலக்கு வந்துவிட்டது, கண்டக்டர், அம்மா இறங்க வேண்டும், நிறுத்துங்கள். மெதுவாக. கூடையை நான் கொடுக்கிறேன். இலை ஒன்றும் ஆகவில்லை, தடவிப் பார்க்காதீர்கள், எல்லாம் முழு இலைதான். என்ன சொன்னீர்கள்? சத்தத்தில் விழவில்லை. நல்லா சாப்பிடுங்க என்றா? சாப்பிடுகிறேன் அம்மா. காலையிலிருந்து வயிற்றைக் காயப்போட்டு வைத்திருக்கிறேன்.

அட, இறங்கின பிறகும் போகாமல் ரோட்டிலேயே நிற்கிறாரே இந்த அம்மா. கூடையைக் கீழே வைத்துவிட்டாரே. என்ன கையைக் காட்டுகிறார்? உள்ளங்கையை மேலே காட்டி... குப்புறத் திருப்பி...

திருப்பிப் போடவா சொல்கிறீர்கள்? இரண்டாம் பக்கத்தையா? சரி அம்மா, சரி. வீட்டில்தானே இருக்கிறது. சாப்பிட்டு முடித்ததும் முதல் வேலையாகப் போட்டுக் கேட்டுவிடுகிறேன்.